சலானில் இருக்கிறது சட்டம்

(திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துவோர் கூட்டமொன்றில் ஒரு வழக்குரைஞர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒப்பந்தச் சட்டம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வாசலில் ஒருவர், "எங்களுக்கும் பார்ட்டிக்கும் நடுவுல அக்ரிமெண்டே கிடையாதுங்களே, எல்லாம் வாய் வார்த்தைதானுங்களே" என்றார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் அந்த நினைப்பை மாற்ற வேண்டும். உங்களுக்கு அக்ரிமெண்ட் இருக்கிறது. ஒன்றல்ல, வாரத்துக்கு நான்கைந்து. காலையில் போனில் "பீஸுக்கு பதினாலரை, வெள்ளிக்கிழமை கொடுத்துடறேன்" என்று நீங்கள் சொல்லி, "சரி, வண்டி அனுப்பறேன்" என்று அவர் சொன்னாரே, அந்த நிமிடத்திலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்த ஊரில் பனியன் தொழிலே இல்லை. அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு கேட்பது சில விஷயங்களை மட்டும்தான். இரண்டு பேரும் மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல் சம்மதித்திருக்க வேண்டும். இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, அதாவது பதினெட்டு வயது நிரம்பி, சித்த சுவாதீனத்தோடு இருக்க வேண்டும். கொடுப்பதற்கு ஈடாக ஏதோ ஒன்று வர வேண்டும். காரியம் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. எழுதியிருக்க வேண்டும் என்று பொதுவாக அது கேட்கவில்லை. சில வகை ஒப்பந்தங்களுக்கு வேறு சட்டங்கள் எழுத்தையும் பதிவையும் கேட்கும். வீட்டு வாடகையும் கடை வாடகையும் அந்த வகை. நம் மாநிலத்தின் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டப்படி அவற்றுக்கு எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் தேவை. துணி தைத்துக் கொடுப்பதற்கு அப்படி எதுவும் இல்லை.

போனில் பேசிய ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்காக! அகமதாபாத்தில் இருந்த வியாபாரி போனில் விலை பேசுகிறார். மகாராஷ்டிரத்தின் காம்கான் ஊரில் இருந்த மில்காரர் போனிலேயே சரி என்கிறார். சரக்கு வரவில்லை. அகமதாபாத்காரர் தன் ஊரிலேயே வழக்குப் போட்டார். 'நான் காம்கானில் உட்கார்ந்துதானே சரி சொன்னேன், அங்கே எப்படி வழக்கு நடத்துவாய்?' என்பது மில்காரரின் வாதம். சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் ஒப்பந்தம் பிறந்தது என்று 1965இல் தீர்ப்பானது. அறுபது வருடமாக இதுதான் நிலை. வாட்ஸ்அப், மின்னஞ்சல் விஷயத்தில் இன்னும் சந்தேகமே வேண்டாம். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

ஆகவே ஒப்பந்தம் இருக்கிறதா என்பது நம் சிக்கலே இல்லை. என்ன பேசினோம் என்று நிரூபிப்பதில்தான் சிக்கல். அங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள்.

இதற்கு மருந்து என்று பலர் நினைப்பது பத்திரம். "சார், நாளைக்கே பத்திரத்துல எழுதிடலாமா?" என்பார்கள். வருடம் முழுக்க ஒரே கம்பெனிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் எழுதுங்கள், நல்லது. அதற்கான முத்திரைத் தீர்வையையும் சரியாகக் கட்டுங்கள். குறைவாகக் கட்டிய பத்திரத்தை, பாக்கித் தீர்வையும் அபராதமும் கட்டும்வரை கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் வாரம் நான்கு பேரிடம் வேலை வாங்கும் யூனிட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் யார் பத்திரம் எழுதுவது? எழுதச் சொன்னால் பார்ட்டி பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார். நான் கேட்பது அதைவிடச் சின்ன வேலை. ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கும் காகிதங்களில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். அதையும் உரிய தேதிக்குள் எழுதுங்கள்.

டெலிவரி சலானை எடுங்கள். கட்டிங் வருகிறது, கூடவே சலான் வருகிறது. அதில் ஸ்டைல் நம்பர், சைஸ் வாரியாகப் பீஸ் கணக்கு எல்லாம் இருக்கும். பீஸ் ரேட் இருக்காது. திரும்பக் கொடுக்க வேண்டிய தேதி இருக்காது. இறக்கி வைக்கும் பையன் எண்ணாமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவான். அந்தக் கையெழுத்து உங்கள் கையெழுத்து என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; சரக்கு வாங்க நீங்கள் நிறுத்திவைத்த ஆள் அவன். இதே கதை எதிர்ப்பக்கமும் நடக்கும். தைத்த சரக்கை நீங்கள் அனுப்பும்போது உங்கள் சலானில் அவர்கள் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஒரு கிறுக்கல் போட்டு அனுப்புவார். பெயர் இல்லை, சீல் இல்லை, தேதி இல்லை. மூன்று மாதம் கழித்து "முந்நூறு பீஸ் ஷார்ட்டேஜ்" என்று சொன்னால் உங்களிடம் என்ன இருக்கிறது? சீலும் பெயரும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.

பீஸ் எண்ணியதும் ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"இன்று வந்த 4,200 பீஸ் கட்டிங்கில் 160 பீஸ் ஷேட் வேரியேஷன் உள்ளது. போட்டோ அனுப்பியுள்ளேன். உங்கள் பதில் வந்ததும் அதைத் தைக்கிறோம். ரேட் பீஸுக்கு ரூ.14.50. லேபிள் 6ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள், இன்று 9. ஆகவே டெலிவரி மூன்று நாள் தள்ளும்."

பார்ட்டியின் மெர்ச்சண்டைசர் பதிலுக்கு ஒரு 'ஓகே' போட்டுவிட்டால், ரேட், குறை, தாமதத்துக்குக் காரணம் மூன்றும் எழுத்தில் வந்துவிட்டன. லேபிள், பட்டன் அவர் தர வேண்டியது. தராததால் நீங்கள் தாமதித்தால் அந்த அளவுக்குப் பொறுப்பு உங்களுடையது அல்ல என்று 67ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் லேபிள் தாமதமாக வந்தது என்பதை வருடம் கழித்து யார் ஞாபகத்தில் வைத்துச் சாட்சி சொல்வார்கள்? அந்த மெசேஜ் சொல்லும். மெசேஜைக் கோர்ட்டில் வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் கூட வர வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்து நிற்காமல் இருப்பது.

இனி, இந்த ஊரில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவுக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஜாப் ஒர்க் என்றால் துணி உங்களுடையது அல்ல. அவருடைய பொருளை வேலைக்காக உங்கள் பொறுப்பில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. உங்கள் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வீர்களோ அதே அளவு கவனம், அதாவது சாதாரண விவேகம் உள்ள ஒருவர் காட்டும் கவனம், இதற்கும் வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் வெள்ளத்தில் நனைந்தால் நஷ்டம் அவருடையது. ஒயரிங் பழுதென்று தெரிந்தும் சும்மா இருந்து தீப்பிடித்தால் உங்களுடையது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது உங்கள் மெஷினுக்கு மட்டும் எடுத்துவிட்டு, அடுத்தவர் துணி லட்சக்கணக்கில் அடுக்கிக் கிடப்பதை மறந்துவிடாதீர்கள்.

இது கடமைப் பக்கம். உரிமைப் பக்கத்தில் 170ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு பொருளின் மேல் உங்கள் உழைப்பையும் திறமையையும் செலுத்தி வேலை செய்திருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். 'காசைக் கொடு, சரக்கை எடு' என்று சொல்லச் சட்டமே அனுமதிக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பிரிவுக்குக் கீழே இரண்டு உதாரணம் வைத்திருக்கிறார்கள். முதல் உதாரணத்தில் ஒருவர் பட்டை தீட்டாத வைரத்தை நகைத் தொழிலாளியிடம் கொடுக்கிறார். கூலி வரும்வரை அவர் வைரத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது உதாரணத்தில் வருபவர் ஒரு தையல்காரர். துணியைக் கொடுத்து கோட் தைக்கச் சொல்கிறார்கள். முடிந்தவுடன் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்று தையல்காரர் ஒத்துக்கொள்கிறார். அவரால் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. 150 வருடம் முன்பு கல்கத்தாவிலோ லண்டனிலோ உட்கார்ந்து எழுதியவர்கள் நம் யூனிட்டைப் பார்த்தே எழுதியது போலத்தான் இருக்கிறது! "அறுபது நாள் கிரெடிட்" என்று நீங்கள் வாயைத் திறந்த உடனே அந்த உரிமை போய்விடுகிறது. முதல் முறை வேலை கொடுக்கும் பார்ட்டியிடமாவது கிரெடிட் பேசாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அல்லது "பாதி டெலிவரியின்போது, மீதி முப்பது நாளில்" என்று பேசுங்கள். அந்தப் பாதியாவது கையில் இருக்கும்.

இதிலேயே இன்னொரு கண்ணி உண்டு. போன வருடத்துப் பாக்கிக்காக இந்த வாரச் சரக்கை நிறுத்தி வைக்கிறார்கள் சிலர். சட்டப்படி அது முடியாது. எந்தச் சரக்கில் வேலை செய்தீர்களோ அந்தச் சரக்கின் கூலிக்குத்தான் அதைப் பிடிக்கலாம். பொதுவாக எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடிக்கும் உரிமை வங்கிகளுக்கும் இன்னும் சில தொழில்காரர்களுக்கும்தான் 171ஆவது பிரிவு தருகிறது. மற்றவர்களுக்கு வேண்டுமானால் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசி வைத்திருக்க வேண்டும். உங்கள் பில்லின் அடியிலும் சலானின் அடியிலும் "பழைய பாக்கிக்கும் சேர்த்துச் சரக்கை நிறுத்தி வைக்கும் உரிமை உண்டு" என்று ஒரு வரி அச்சடித்து, முதல் சலானிலேயே கையெழுத்து வாங்கி வையுங்கள். பில் புத்தகம் புதிதாக அடிக்கும்போது பிரஸ்காரருக்கு ஒரு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

அடுத்தது டெபிட் நோட். இந்த வார்த்தையைக் கேட்டதும் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. வேலை முடிந்து, சரக்கும் போய், பில்லும் போய், நாலு மாதம் கழித்துப் பேமெண்ட் கேட்டால், அக்கவுண்ட்ஸில் "உங்க பேர்ல ஒன்றரை லட்சம் டெபிட் இருக்கே" என்பார்கள். காரணம்: டெலிவரி லேட், கப்பல் போய்விட்டது, ஏர் ஃபிரைட் போட்டோம்.

இங்கே மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, தாமதமாக வந்த சரக்கை வாங்கும்போது அவர் என்ன சொன்னார்? குறித்த தேதி முக்கியமான ஒப்பந்தத்தில், தேதி தாண்டி வந்த வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே "நஷ்ட ஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. 55ஆவது பிரிவின் மூன்றாவது பத்தி இது. வாயைத் திறக்காமல் சரக்கை வாங்கி அயர்ன் செய்து, பேக் செய்து அனுப்பிவிட்டு நாலு மாதம் கழித்து எழுதும் டெபிட் நோட்டுக்கு இந்தப் பத்தியைக் காட்டிப் பதில் எழுதலாம். எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்? டெபிட் நோட்டுக்குப் பதிலே எழுதாமல் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். அந்த மௌனம் ஒப்புதல் என்று பின்னால் வாதிடுவார்கள்.

இரண்டாவது கேள்வி, அந்த நஷ்டம் வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ஒரு மாவு மில். நீராவி எஞ்சினின் இரும்புத் தண்டு உடைந்துவிட்டது. புதிது செய்ய மாதிரிக்காகப் பழைய தண்டைக் கிரீனிச்சுக்கு அனுப்ப வேண்டும். பார்சல் கம்பெனி சில நாள் தாமதம் செய்துவிட்டது. அத்தனை நாளும் மில் நின்றது. அந்த லாபத்தையெல்லாம் கொடு என்று மில்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1854இல் வந்த தீர்ப்பு, முடியாது என்றது. மாற்றுத் தண்டு இல்லை, இது போய்ச் சேராவிட்டால் மில்லே நிற்கும் என்று பார்சல்காரருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை என்பது காரணம். இந்த வழக்கின் சாரம்தான் நம் சட்டத்தில் 73ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக நேரக்கூடிய நஷ்டம், அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம், இவற்றைத்தான் கேட்கலாம். சுற்றி வளைத்து வந்த நஷ்டத்தைக் கேட்க முடியாது.

எக்ஸ்போர்ட்டர் இதற்கு என்ன சொல்வார்? "திருப்பூர்ல யூனிட் வச்சிருக்கறவனுக்குக் கப்பல் தேதின்னா என்னன்னு தெரியாதா?" என்பார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே, அதாவது பி.ஓ.விலேயே, "இந்தத் தேதி தப்பினால் ஏர் ஃபிரைட் உங்கள் கணக்கு" என்று எழுதி, நீங்களும் ஏற்று வேலையை ஆரம்பித்திருந்தால் அவர் கை ஓங்கும். ஆகவே பி.ஓ. வந்ததும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒத்துவராத வரியை வேலையைத் தொடங்கும் முன்பே மறுத்து எழுதுங்கள். தொடங்கிவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மூன்றாவது, தொகை. "ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு சதவீதம்" என்று பி.ஓ.வில் போட்டிருந்தாலும் அது அப்படியே கிடைத்துவிடாது. எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் என்கிறது 74ஆவது பிரிவு. நஷ்டமே ஆகாமல் அபராதம் மட்டும் வசூலிக்க முடியாது என்று 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஏர் ஃபிரைட் போட்டேன் என்கிறாரா? ஏர்வே பில்லைக் காட்டட்டும். அதில் எத்தனை கார்ட்டன், அதில் நீங்கள் தைத்தது எத்தனை என்று கேளுங்கள். கேட்டதுமே பாதி டெபிட் நோட்டுகள் மெலிந்துவிடும்.

யாரோடு வியாபாரம் செய்கிறோம் என்பதில் நாம் ரொம்ப அசட்டை. போர்டில் ஒரு பெயர், ஜி.எஸ்.டி. பில்லில் வேறு பெயர், செக்கில் மூன்றாவது பெயர். முதல் பில் போடும்போதே அந்த ஜி.எஸ்.டி. எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள். தனி ஆளா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்று காட்டிவிடும். பிரைவேட் லிமிடெட் என்றால் டைரக்டரின் வீடும் காரும் பொதுவாக உங்களுக்குப் பொறுப்பாகாது. பையிங் ஏஜென்சி நடுவில் இருந்தால் "நாங்க வெறும் ஏஜெண்ட், ஃபாரின் பையர் பணம் தரல" என்பார்கள். பொதுவாக ஏஜெண்ட்டுக்குத் தனிப்பட்ட பொறுப்பு கிடையாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டு வியாபாரிக்காகச் சரக்கு வாங்கும் ஏஜெண்ட்டையும், யாருக்காக வாங்குகிறார் என்று பெயரே சொல்லாத ஏஜெண்ட்டையும் 230ஆவது பிரிவு தனியாகப் பார்க்கிறது. மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால் அவர்களே பொறுப்பு என்றுதான் அனுமானம்.

உங்கள் பக்கமும் ஒன்று. மச்சானோடு சேர்ந்து பார்ட்னர்ஷிப் நடத்துபவர்கள் கையைத் தூக்க வேண்டாம், மனத்துக்குள் பதில் சொன்னால் போதும்: டீடு எழுதினீர்கள், ரிஜிஸ்திரார் ஆஃப் ஃபர்ம்ஸில் பதிந்தீர்களா? பான் கார்டும் ஜி.எஸ்.டி.யும் பதிவு ஆகாது. பதியாத கூட்டு நிறுவனம், வெளியாள் மீது ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது என்று 1932ஆம் வருடத்துச் சட்டத்தின் 69ஆவது பிரிவு கதவைச் சாத்துகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். வழக்குப் போட்டபின் ஓடிப்போய்ப் பதிந்தால் அந்த வழக்குக்கு உதவாது.

செக் விஷயம் சுருக்கமாக. செக் செல்லுபடியாவது மூன்று மாதம். திரும்பி வந்த தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்குப் பதினைந்து நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். "அடுத்த வாரம் தர்றேன், கேஸ் எல்லாம் எதுக்கு" என்று அவர் இழுப்பதே அந்த முப்பதாவது நாளைத் தாண்ட வைப்பதற்காகக்கூட இருக்கலாம். அதேபோல நூல்காரருக்கோ பைனான்ஸ்காரருக்கோ நீங்கள் கொடுத்திருக்கும் வெற்றுச் செக்: கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், மற்ற இடங்களை அவர் நிரப்பினாலும் அது கடனுக்காகக் கொடுத்தது என்றே கோர்ட் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். நண்பருக்காகப் போடும் சூரிட்டிக் கையெழுத்தும் அப்படித்தான். கடன் வாங்கியவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அவருடைய பொறுப்பு எவ்வளவோ உங்களுடையதும் அவ்வளவு.

பாக்கி வசூலுக்கு மூன்று வருடக் கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு கடிதம் வந்தால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். மார்ச் முடிவில் ஆடிட்டர் கேட்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் இருக்கிறதே, அதை வெறும் ஆடிட்டர் வேலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சீலோடு திரும்பி வரும் அந்தக் காகிதம்தான் உங்கள் பாக்கியை உயிரோடு வைத்திருக்கிறது.

கடைசியாக 45 நாள் சட்டம். 2006ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசவே இல்லையென்றால் 15 நாள். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் அவர் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நாலு மாத டெபிட் நோட்டுக்கு எதிராக இது இன்னொரு பிடி. அவருடைய எதிர்க்கோரிக்கையை இது அடியோடு ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பணம் தர வேண்டிய கடிகாரத்தை அது நிறுத்தாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 6 என்றால் உங்களுக்கு 18.

இதற்கு உத்யம் என்ற தொழில் நிறுவனப் பதிவு வேண்டும், அதுவும் வேலையை எடுக்கும் முன்பே இருப்பது நல்லது. பணம் மாட்டிக்கொண்ட பிறகு பதிந்து வந்து நிற்பவர்களால்தான் உச்ச நீதிமன்றம் வரை தகராறு நீள்கிறது. பதிவு இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உற்பத்தி, சேவை செய்பவர்களில் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் எண் கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பு வராது. புகாரை, இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நம் பக்கத்துக் கவுன்சிலிலேயே கொடுக்கலாம். வாங்கியவர் லூதியானாவில் இருந்தாலும், அவர் பி.ஓ.வில் "வழக்கு டெல்லி நீதிமன்றத்தில் மட்டும்" என்று அச்சடித்திருந்தாலும் சரி. இந்தச் சட்டம் மற்றவற்றுக்கு மேலே நிற்கும். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை மட்டும் நம்பி யாருக்கும் தவணை சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் யாருங்க கொடுப்பாங்க?" ஊரில் நான்கு பேர் வேலை கொடுக்கிறார்கள், ஒருவர் மேல் புகார் கொடுத்தால் மற்ற மூவருக்கும் அன்று மாலையே தெரிந்துவிடும். இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை, இருப்பதாக நான் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் சண்டை போடாமல் கேட்க ஒரு வழி 2024லிருந்து கிடைத்திருக்கிறது. வருமான வரியில் ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை அந்த 15 அல்லது 45 நாளுக்குள் தராமல் மார்ச் 31ஐத் தாண்டவிட்டால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் அவர் கழிக்க முடியாது. என்றைக்குக் கொடுக்கிறாரோ அந்த வருடத்தில்தான். அதாவது உங்களுக்குத் தராத பணத்துக்கு அவர் வரி கட்ட நேரும்.

ஆகவே முதலாளியிடம் போய் நிற்காதீர்கள். பிப்ரவரியில் அவருடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: உத்யம் சான்றிதழ், பில் எண், தேதி, பாக்கித் தொகை, 'வருடாந்திரக் கணக்கு முடிப்பதற்காகத் தங்கள் தகவலுக்கு' என்று ஒரு வரி. கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். மீதியை அவருடைய ஆடிட்டரே அவரிடம் பேசிக்கொள்வார். பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். இதுவரை அடிக்காதவர்கள் புதுப் புத்தகம் வரும்வரை ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் குத்தலாம். இனி உங்கள் கேள்விகள். பி.ஓ., சலான் ஏதாவது கையில் கொண்டுவந்திருந்தால் அதையும் முன்னால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.